குறிவல்லார்: ஒரு சொல்லாய்வு

குறி தவறாது சுடும் வல்லமை உடையாரைத் தமிழில் எச்சொல்லால் சுட்டுவது? செய்திகளையும் போர் வரலாறுகளையும் மொழிபெயர்க்கும் மாணவர் எதிர்கொள்ளும் வினா இது. ஆங்கிலத்தில் மார்க்ஸ்மன், ஷார்ப்ஷூட்டர், ஸ்னைப்பர் என மூன்று சொற்கள் வழங்குகின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது பிழையாகும்.

மார்க்ஸ்மன் என்பது திறமை ஒன்றையே குறிக்கும். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவை இச்சொல்லால் அழைக்கலாம். ஸ்னைப்பர் என அழைத்தல் பொருந்தாது.

ஷார்ப்ஷூட்டர் என்னும் சொல், 1848இல் காப்புரிமை பெற்ற ஷார்ப்ஸ் துப்பாக்கியின் பெயரால் வந்தது என்பாருளர். அத்துப்பாக்கி தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, ஜெர்மானியச் சொல்லொன்றின் மொழிபெயர்ப்பாக அது ஆங்கிலத்தில் வழங்கிற்று. ஒலியொப்புமை மட்டுமே சொற்பிறப்புக்குச் சான்றாகாது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் 'துப்பாக்கி' என்னும் சொல் வருகிறது. ஆங்கு அதன் பொருள் உணவை விளைவித்து என்பதாம். சுடுகருவியைக் குறிக்கும் துப்பாக்கியோ துருக்கிய மொழி வழி வந்தது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவார் உண்டோ?

ஸ்னைப்பர் என்னும் சொல்லின் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. 'ஸ்னைப்' என்பது சேற்று நிலங்களில் வாழும் உள்ளான் பறவை. நிலத்தின் நிறத்தோடு ஒன்றிக் கிடந்து, எழுந்ததும் வளைந்து வளைந்து பறப்பதால் அதனைச் சுடுதல் அரிது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரிடையே உள்ளான் வேட்டையைக் குறித்த வினைச்சொல், பின்னர் மறைந்திருந்து மனிதரைச் சுடுவதற்கும் ஆயிற்று. 1914–1918 உலகப்போரில் அது பெருவழக்குப் பெற்றது.

தமிழ் மரபும் வில்வன்மையைப் போற்றியதே. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். ஆங்குப் போற்றப்படுவது ஆற்றல், மறைவு அன்று.

ஆகவே, திறமை மட்டும் கருதுமிடத்துக் 'குறிவல்லார்' என்றும், மறைவும் உடன் கருதுமிடத்து 'மறைந்து சுடுநர்' என்றும் ஆளலாம் என்பது நம் கருத்து. 'மறைந்து' என்னும் ஓர் அடைமொழி, புகழ்ச்சியைப் பழியாக்கிவிடும். அதனை விடுத்தால் பழியும் புகழ்ச்சியாகிவிடும். சொல்லை அறிந்து ஆளுதல் மொழிக்கு மட்டுமன்று, உண்மைக்கும் நாம் செய்யும் கடனாகும்.