கடன் தரமும் கம்பனிகளின் முதலீடும்

கடன் தரமிடல் என்பது கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளின் விடயம், நமக்கென்ன என்று இரத்தினபுரி, கேகாலைப் பகுதி வியாபாரிகள் பலர் என்னிடம் கூறுவதுண்டு. அது நமது கடை வாசல் வரை வரும் விடயம் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

கடனுக்குச் சாமான் கொடுக்குமுன் 'ஆள் எப்படி?' என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம் அல்லவா? அதே வேலையைத்தான் பிட்ச், மூடிஸ் போன்ற நிறுவனங்கள் கணக்குகளைப் பார்த்துச் செய்கின்றன. முடிவை எழுத்துகளில் தருகின்றன. 'ஏஏஏ' மிக உயர்ந்தது.

2020 நவம்பரில் பிட்ச் நிறுவனம் நமது நாட்டின் தரத்தை 'பி மைனஸ்' இலிருந்து 'சிசிசி'க்கு இறக்கியது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. மறுமாதமே தவணை தவறிய நாடாகத் தரமிடப்பட்டோம். நம் வங்கிகள் திறந்த எல்.சி.யை ஏற்க வெளிநாட்டு வங்கிகள் தயங்கின. ரூபாவின் வீழ்ச்சியையும் விலைவாசியையும் கட்டுப்படுத்த, மத்திய வங்கி அந்த ஏப்ரலில் ஒரே தடவையில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. 2022 இறுதியில் மிகச் சிறந்த வாடிக்கையாளருக்கே வங்கி வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியது.

இதை ஒரு தோட்டக் கம்பனியின் கண்ணால் பாருங்கள். இறப்பர் மீள்நடுகை செய்தால் பால் வெட்ட 6, 7 வருடங்கள் செல்லும். 10 சதவீத வட்டியில் எடுத்த 1 இலட்சம் ரூபா 6 வருடத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 77 ஆயிரமாகும். 25 சதவீதமாயின் 3 இலட்சத்து 81 ஆயிரம்! காணி அதே காணி, கன்று அதே கன்று. ஆனால் எந்தக் கம்பனி துணியும்? நடுகை தள்ளிப்போகும். தோட்டத்தில் வேலைநாள் குறையும். உரக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் விற்பனை படுக்கும்.

2024 டிசம்பரில் கடன் மறுசீரமைப்பின் பின் பிட்ச் தரத்தை 'சிசிசி பிளஸ்' ஆக உயர்த்தியது. ஏறுவது இறங்குவதைவிட மெதுவானது என்பதைக் கவனியுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை மூன்று:

1. ஒரு கம்பனியில் பணம் போடுமுன் அதன் தரத்தையும் அது வழங்கப்பட்ட திகதியையும் பாருங்கள்.

2. தரத்தின் பின்னால் 'எல்கேஏ' என்றிருந்தால் அது இலங்கைக்குள் மட்டுமான ஒப்பீடு. உலகத் தரமென எண்ணிவிடாதீர்கள்.

3. நமக்கும் ஒரு தரம் உண்டு. 'கிரிப்' எனப்படும் கடன் தகவல் பணியகத்தில் நமது கொடுக்கல் வாங்கல் பதிவாகிறது. தவணை தவறாதிருப்பதே நமது 'ஏஏஏ'.