முதற் பள்ளியும் பழைய மாணவரும்: கல்முனைக் கரையோரப் பாடசாலைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

‘பழைய மாணவர்’ என்னுஞ் சொல்லை நாம் வழங்கும் முறை ஆராயத்தக்கது. ஐந்து வயதிலே தன் தெருவிலுள்ள சிறு பாடசாலையிற் சேர்ந்து, எழுத்தும் எண்ணும் அங்கே கற்றுக்கொண்ட சிறுவன், பின்னர்ப் பெரிய கல்லூரியொன்றிற் புகுந்து படித்து வெளியேறுகின்றான். நாற்பது ஆண்டு கழித்து, நீ எந்தப் பாடசாலையின் பழைய மாணவன் என்று அவனை வினவினால், அவன் சொல்வது கல்லூரியின் பெயரையே. முதற் பள்ளி அவன் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றது. இதன் விளைவு யாதெனின், பெரிய கல்லூரிகளுக்கு வைத்தியரும் வணிகரும் உத்தியோகத்தரும் பழைய மாணவராய் வாய்க்கின்றனர். சிறு பள்ளிகளுக்கோ பழைய மாணவரென்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. ஜூபிலி மலரிலே இப்பேச்செதற்கு என்று சிலர் கேட்கலாம். இதனைப் பேசுதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை என்பது எம் எண்ணம்.

இதனை ஓர் ஊரின் நிலைகொண்டு விளக்குவோம். மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரமாகச் செல்வோர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பதைக் காண்பர். முஸ்லிம்களின் ஊரும் இந்துக்களின் ஊரும் மாறிமாறி வருகின்றன. பேசும் மொழி எங்கும் தமிழே. 1961இல் அம்பாறை மாவட்டம் தனியே அமைந்தபோது இக்கரை அதனுட் சேர்ந்தது. கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டிற்கும் நடுவே ஒடுங்கிய நிலம். அங்கே மணமான பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். ஆதலின் ஒரு வளவு மகளிரின் தொகைக்கேற்பப் பலவாகப் பிரிந்து, வேலியோடு வேலி நெருங்கி, இலங்கையிலே மிக நெருக்கமான குடியிருப்புக்களுள் ஒன்றாக அப்பகுதி ஆயிற்று. பாடசாலைக்கு ஒரு வகுப்பறை கூட்டுதற்கும் நிலம் தேடவேண்டியிருக்கின்றது. ஆயினும் இவ்வழக்கத்தால் ஒரு நன்மையும் உண்டு. பெண்கள் பிறந்த தெருவிலேயே வாழ்தலால், பிள்ளையை அழைத்து வருந் தாய் பெரும்பாலும் அதே பள்ளியிற் படித்தவளாகவே இருக்கின்றாள். சிறு பள்ளிக்குப் பழைய மாணவர் இல்லையென்று மேலே கூறினோம். பழைய மாணவியர் வாயிலிலே நிற்கின்றனர் என்று அக்கூற்றைத் திருத்திக்கொள்வோம்.

இனி வறுமையின் கணக்கைப் பார்ப்போம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாயின. எனினும் அப்பியாசக் கொப்பி, பாதணி, புத்தகப்பை, வண்டிச் செலவு என்பன பெற்றோர் தலையிலேயே விழுகின்றன. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது கொப்பியின் விலை எத்துணை ஏறியதென்பதை நாம் எல்லோரும் அறிவோம். கல்முனைக் கரையிலே இச்சுமைக்கு ஒரு காலமும் உண்டு. நெடுங்காலமாகப் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்குவது வழக்கம். அது வாடைக் காற்றுக் காலம். கடல் கொந்தளித்துக் கிடக்கும். கரைவலை இழுப்போருக்குப் பங்கு கிடையாது. பெரும்போக வேளாண்மையோ பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிலேதான் வெட்டுக்கு வரும்; அதுவரை வயற் கூலியும் அருகியே கிடைக்கும். ஆகவே கொப்பி வாங்கவேண்டிய மாதத்திலே கையிற் காசில்லை. முதல் வாரத்திற் பள்ளிக்கு வராத பிள்ளை சோம்பேறியென்று கருதுவோர் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டு வாரம் பின்தங்கிய பிள்ளை வெட்கத்தால் மூன்றாம் வாரமும் நின்றுவிடுகின்றது. பின்னர் அதனை மீட்பது அரிதாகின்றது.

இக்குறையைக் கண்டு அவ்வூரிலே ஒரு வழி வகுத்தவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. வண்ணார்பண்ணையில் 1911இற் பிறந்த அ. மு. அ. அஸீஸ் அவர்கள் 1923 முதல் அக்கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் 1935இற் சேர்ந்தார். அச்சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. 1942இல் யுத்தத்தினால் பர்மா அரிசியின் வரவு நின்றுபோக, உணவுற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு அவர் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கிட்ட பணி நெல்லை விளைவித்தல். அதனை அவர் திறம்படச் செய்தார். வயற்கண்டமொன்றுக்கு மக்கள் அவர் பெயரையே சூட்டினர். ஆனால் நெல்லுக்காக ஊரூராய்த் திரிந்தவர் கண்ணிற் பட்டது, திறமையிருந்தும் மேற்படிப்புக்கு வழியற்று நின்ற ஏழைச் சிறுவர்களே. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அங்குப் பெற்ற அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடளாவி விரிந்தது. 1948இல் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார் என்பது பலரும் அறிந்ததே.

கட்டடம் எழுப்பும் முயற்சி அக்காலத்தில் இல்லாமலில்லை, அதுவும் வேண்டியதே. 1949இல் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் அவர்களின் முயற்சியால் கல்முனையில் ஸாஹிராக் கல்லூரி தோன்றியதும் அவ்வழிப்பட்டதே. ஆயினும் அஸீஸ் அவர்கள் முதலிற் கேட்ட கேள்வி, ‘எத்தனை அறை வேண்டும்’ என்பதன்று. ‘எந்தப் பிள்ளை எதனால் நிற்கின்றது’ என்பதேயாகும் என்று அவர் செயலினின்றும் நாம் உய்த்துணரலாம். கல்முனையில் அவருடன் நட்புப் பூண்ட விபுலாநந்த அடிகளும் இவ்வகையில் ஒப்பு நோக்கத்தக்கவர். காரைதீவிலே 1892இற் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற மயில்வாகனனார், துறவியான பின்னர் மட்டக்களப்புப் பகுதிக்கே மீண்டு, 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக ஏற்றுப் போற்றிய அறிஞர், திண்ணைப் பள்ளிப் பிள்ளையை மறந்தாரல்லர்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசிற் பரீட்சை, ஏழைப் பிள்ளைக்கு நல்ல கல்லூரியின் கதவைத் திறக்கும் பொருட்டு ஏற்பட்டது. அந்நோக்கம் உயர்ந்ததே. அது மறைமுகமாகச் செய்யும் வேலையும் ஒன்றுண்டு. தெருப் பள்ளியிலிருந்து தேறிய பிள்ளைகளை ஆண்டுதோறும் அது பிரித்தெடுத்துச் செல்கின்றது. வசதியுள்ள பெற்றோரோ அதற்கு முன்னரே பெயர்பெற்ற பாடசாலைகளைத் தேடிப் போய்விடுகின்றனர். எஞ்சுவோர் மிக வறியவரின் பிள்ளைகள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என ஒன்று எங்கும் உண்டு; பெற்றோரிடம் பணமில்லாத பள்ளியிலே அச்சங்கம் எதனைக் கொண்டு அபிவிருத்தி செய்வது? கொடுப்போர் நிறைந்த பாடசாலைக்கே மேலும் கொடை சேர்கின்றது. மழை கடலிலேயே பெய்வது போலும் இது.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியது. இலங்கையில் மிகுந்த உயிரிழப்புக் கண்டது அம்பாறை மாவட்டமே. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலோரப் பள்ளிகள் சில அழிந்தன, சில சிதைந்தன. உலகெங்குமிருந்து உதவி வந்தது, கட்டடங்கள் எழுந்தன. நன்றி மறவோம். ஆனால் தூரத்துக் கொடையாளி ஒருமுறை வந்து ஒருமுறை கொடுத்துச் செல்பவர். ஒவ்வொரு ஜனவரியிலும் வந்து எந்தப் பிள்ளை வரவில்லையென்று அவர் பார்த்தல் இயலாது. அது அயலவரின் வேலை.

அயலவருக்கு அதற்கான அமைப்புப் பழங்காலந்தொட்டே உண்டு. இக்கரை முஸ்லிம் ஊர்களிலே பள்ளிவாசலை நிருவகிக்கக் குடிக்கு ஒருவராக மரைக்காயரைத் தெரியும் மரபு இருந்தது. அயலிலுள்ள தமிழூர்க் கோயில்களிலும் குடிமுறை பற்றிய உரிமைகள் உண்டு. எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை அறிய அக்குடிப் பெரியவருக்கு விண்ணப்பப் படிவம் தேவையில்லை. வேளாண்மை செய்வோர் விளைச்சலில் ஸகாத்துக் கொடுப்பது மார்க்கக் கடமை. அதற்கு மேலாக மனமுவந்து கொடுக்கும் ஸதகாவும் உண்டு. ஆகஸ்டு, செப்டெம்பரில் வெட்டும் சிறுபோகத்தில் ஒரு சிறு பங்கை ஸதகாவாகத் திரட்டி, அப்பொழுதே கொப்பிகளை மொத்தமாக வாங்கிப் பள்ளி அலுமாரியில் வைத்துப் பூட்டினால், வாடைக் காற்றுக் காலத்தில் அவை பயன்படும். தொகை பெரிதன்று, காலம் அறிந்து செய்வதே இதிற் சிறப்பு. ஒவ்வொரு சமையலிலும் ஒரு பிடி அரிசி தருமத்திற்கு எடுத்து வைத்த சைவ வீடுகளுக்கும் இம்முறை விளங்காததன்று.

கொப்பியைக் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஏழைப் பிள்ளையை மேடையேற்றிப் படம் பிடித்துக் கொடுக்குங் கொடை, அப்பிள்ளையை மறுநாட் பள்ளிக்கு வராது செய்தாலும் வியப்பில்லை. வகுப்பாசிரியர் கையால், வகுப்பிலுள்ள எல்லோருக்கும் ஒருங்கே வழங்குவது நன்று. யார் செலவு என்பது அலுமாரிச் சாவியை வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிந்தாற் போதும்.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஜூபிலி நிதியில் வளைவும் வாயிலும் அமைப்பது அவரவர் விருப்பம். அங்கத்தவர் பதிவேட்டிலே பெயர், தொழில், கல்லூரியிற் பயின்ற ஆண்டு என்னும் நிரல்களோடு, ‘முதற் பள்ளி’ என ஒரு நிரலையுஞ் சேர்க்கும்படி வேண்டுகின்றோம். நிரம்பிய பதிவேட்டை ஊர்வாரியாகப் பிரித்தால், பழைய மாணவரே இல்லையென்று நாம் எண்ணிய சிறு பள்ளிகள் பலவற்றுக்குப் பத்துப் பேர், இருபது பேர் என உரியவர் தென்படுவர். அஸீஸ் அவர்கள் இருந்து அப்படிவத்தை நிரப்புவாராயின், அந்நிரலிலே எழுதும் பெயர் வண்ணார்பண்ணை அல்லாப்பிச்சைக் குர்ஆன் பள்ளியாக இருக்கும். இந்துக் கல்லூரி அதற்கு மூன்று வரி கீழேதான் வரும்.