ஆழ்வார்குறிச்சிக்கு ஏற்ற மலைச் சைக்கிள் தடம்: காடா, பொத்தையா, வாய்க்கால் கரையா, ஊர்ப் புறம்போக்கா?

மலைச் சைக்கிள் ஓட்டம் என்பது தார்ச்சாலையை விட்டு விலகி, கல்லும் வேரும் ஏற்றமும் இறக்கமும் கலந்த மண்தடத்தில், அகன்ற டயரும் அதிர்வு தாங்கும் முன்கவையும் கொண்ட சைக்கிளைச் செலுத்தும் விளையாட்டாகும். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட இவ்விளையாட்டுக்கு இந்திய சைக்கிள் சம்மேளனம் தேசியப் போட்டிகளை நடத்திவருகிறது என்றாலும், ஓர் ஊரின் பிள்ளைகள் நாள்தோறும் பயிலத்தக்க பொதுத் தடத்தை உள்ளாட்சி அமைப்பே உருவாக்கிப் பராமரிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. பொதிகை அடிவாரத்தில், கடனாநதிப் பாசனத்தில் அமைந்த ஆழ்வார்குறிச்சியைப் போன்ற ஒரு பேரூராட்சி அம்முயற்சியில் இறங்குமாயின், தடம் எத்தனை கடினமாக இருக்கவேண்டும் என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அது யாருடைய நிலத்தில் அமையும், மழைக்குப்பின் மண்வெட்டி எடுத்து அதைச் சீர்செய்பவர் யார் என்னும் இரண்டு கேள்விகளையே மன்றமும் ஓட்டுநர்களும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவற்றுக்கு முன்னதாக, தடத்தைப் பயன்படுத்தப்போகிறவர் யார் என்பதை வரையறுத்தாக வேண்டும். கியர் சைக்கிள் வைத்துக்கொண்டு விடுமுறை நாள்களில் கடையம், பாபநாசம் என்று சுற்றிவரும் இளைஞர்களே இத்தகைய கோரிக்கையை எழுப்புவார்கள் என்றாலும், எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் பள்ளி மாணவர்களே ஆவர். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், சைக்கிள் இல்லாத தெருவைக் காண்பது இன்று அரிது. அந்தச் சைக்கிள் ஒற்றைப் பல்சக்கரமும் கனத்த சட்டமும் பின்கேரியரும் உடையது. செங்குத்தான பாறை இறக்கத்தில் அது பயன்படாது. ஆகவே, அச்சைக்கிளோடு வரும் மாணவியும் முதல்நாளே இறங்கி ஓட்டக்கூடிய பகுதி ஒன்றேனும் இல்லாத திட்டம், பொதுப்பணத்தில் சிலருக்கு மட்டும் அமைத்துக் கொடுக்கும் திட்டமாகவே முடியும்.

மலையடிவார ஊர் என்றவுடன் எவருக்கும் மனத்தில் தோன்றுவது காட்டுத்தடமே. சிவசைலத்தைக் கடந்து கடனா அணையை நோக்கிச் செல்லும் பாதையும் அதற்கப்பால் எழும் மலைச்சரிவும் உலகின் எந்தத் தடவடிவமைப்பாளரையும் ஈர்க்கக்கூடியவை. ஆனால் அச்சரிவு, 1962இல் அறிவிக்கப்பட்ட முண்டந்துறைச் சரணாலயமும் 1976இல் அறிவிக்கப்பட்ட களக்காடு சரணாலயமும் இணைந்து 1988இல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். வனநிலத்தை வனம் சாராத பயனுக்கு மாற்ற, 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். அத்ரி மலைக் கோயிலுக்குச் செல்லும் பக்தர்களே வனத்துறையின் இசைவோடுதான் மேலேற முடிகிற இடத்தில், வாரம் முழுவதும் திறந்திருக்கும் சைக்கிள் தடத்துக்கு இசைவு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

சட்டம் ஒருபுறமிருக்க, விலங்குகளின் நடமாட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சைக்கிள் ஓசையின்றி விரைந்து வருவதால், நடந்து செல்பவரைக் காட்டிலும் சைக்கிளில் செல்பவர் விலங்கை மிக நெருங்கிய தொலைவில் திடுக்கிடச் செய்யும் வாய்ப்பு அதிகம். வெயிலுக்கு அஞ்சி ஓட்டுநர்கள் தேர்ந்தெடுக்கும் விடியற்பொழுதும் அந்தியுமே கரடியும் சிறுத்தையும் இரைதேடி இறங்கும் நேரங்களாகவும் அமைகின்றன. 2022 நவம்பரில் சிவசைலம் அருகே இருசக்கர வண்டியில் சென்ற வியாபாரி ஒருவரையும் அவரை மீட்க முயன்றவர்களையும் கரடி தாக்கிக் கடுமையாகக் காயப்படுத்திய நிகழ்வு இப்பகுதியினர் அறிந்ததே.

பொதிகை அடங்கிய இதே அகத்தியமலைத் தொடரின் மேற்குச் சரிவில் கேரளம் என்ன செய்தது என்பது ஒப்பீட்டுக்கு உதவும். 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் வாகையர் போட்டி நடைபெற்றபோது, அதற்கான சுற்றுத்தடம் மெர்ச்சிஸ்டன் தேயிலைத் தோட்டத்தில் அமைக்கப்பட்டது. வயநாட்டில் நடத்தப்பட்ட மலைச் சைக்கிள் போட்டிகளுக்கும் மானந்தவாடிக்கு அருகிலுள்ள பிரியதர்சினி தேயிலைத் தோட்டமே களமாயிற்று. தோட்டநிலம் ஏற்கெனவே மனிதர் கைபட்ட நிலமாகவும், வண்டிப்பாதைகள் உடையதாகவும், ஒரே நிர்வாகத்தின்கீழ் இருப்பதாகவும் அமைவதால் அங்கே தடம் அமைப்பது எளிதாகிறது. இந்த வழி பொருநை எனப்படும் தாமிரபரணிப் பக்கத்தில் அடைபட்டிருக்கிறது. இங்கே பெயர்பெற்ற தேயிலைத் தோட்டமான மாஞ்சோலை, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட நிலத்தில் உருவாகி, புலிகள் காப்பகத்தின் நடுவே நின்று, குத்தகை முடியும் 2028க்கு முன்னரே, 2024இல் குத்தகை நிறுவனம் பணிகளை நிறுத்திக்கொண்டதால் தன் தோட்ட வாழ்வை முடித்துக்கொண்டது. அங்கே வேலையிழந்த குடும்பங்களின் வாழ்வாதாரக் கேள்வி தீராதிருக்கையில் அந்நிலத்தில் விளையாட்டுத்தடம் கேட்பது முறையுமாகாது.

அடுத்த தேர்வு பொத்தை. நெல்லை, தென்காசி வட்டாரத்தில் சமவெளியிடையே தனித்து எழும் சிறு பாறைக்குன்றைப் பொத்தை என்பர். அதன் அடியில் சரள்மண்ணும் உடைமரமும் மண்டிய சாய்நிலம் பெரும்பாலும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் கல்லாங்குத்துப் புறம்போக்கு, அதாவது பாறை மிகுந்து பயிருக்கு உதவாத அரசுநிலம், எனக் குறிக்கப்பட்டிருக்கும். குறுக்குநாட்டு ஓட்டம் எனப்படும் ஒலிம்பிக் வகைப் போட்டி சுமார் 4 முதல் 6 கிலோமீட்டர் வரையிலான சுற்றுத்தடத்தைப் பலமுறை வலம்வருவது; பயிற்சிக்கு அதில் பாதி நீளமே போதுமானது என்பதால், ஓரளவு பெரிய பொத்தையைச் சுற்றி அதை அமைத்துவிட முடியும். தடம் வெட்டுவோர் உலகெங்கும் கையாளும் இரண்டு அளவுகள் இங்கே முதன்மையானவை. தடத்தின் ஏற்றம், அது குறுக்காகக் கடக்கும் சரிவின் பாதிக்கு மேற்படக்கூடாது. எடுத்துக்காட்டாக, நூறடிக்குப் பதினாறடி இறங்கும் சரிவில் தடம் நூறடிக்கு எட்டடிக்கு மேல் ஏறக்கூடாது. மேலும் முழுத்தடத்தின் சராசரி ஏற்றம் நூற்றுக்குப் பத்துக்குள் அடங்கவேண்டும். இவ்விரண்டையும் மீறி நேர்க்கோட்டில் இறக்கிய தடம் அடுத்த ஐப்பசி மழையில் ஓடையாக மாறிவிடும். அளவறிந்து வெட்டிய தடத்திலோ நீர் குறுக்காக வழிந்து சரிவிலேயே இறங்கிப்போகும்.

பொத்தையைத் தேர்ந்தெடுப்போர் மூன்று இடர்களை எண்ணிப்பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட கல்குவாரி அருகில் இருப்பின் வேலியின்றித் தடம் அமைப்பது ஆபத்தானது. ஆடுமாடு மேய்ப்போர் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் நிலமாயின் அவர்களோடு பேசாமல் எடுக்கும் முடிவு வழக்கில் போய் நிற்கும். ஊர்ப் பொதுநிலங்களை மீட்குமாறு மாநில அரசுகளைப் பணித்த உச்சநீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப்பின், மேய்ச்சல் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதை நீதிமன்றங்கள் ஐயத்தோடுதான் நோக்குகின்றன. மூன்றாவது, சிறிதாகத் தோன்றினாலும் ஓட்டுநரை அன்றாடம் வருத்துவது, முள். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் எந்த டயரையும் துளைத்துவிடும் என்பதால், தடத்தின் இருபுறமும் ஆண்டுக்கு இருமுறையேனும் செத்தை அகற்றுவதற்கான ஆள்கூலியை மதிப்பீட்டில் சேர்த்தாக வேண்டும்.

வாய்க்கால் கரைத்தடம் என்பது புதிதாக எதையும் கட்டாமல், இருக்கின்ற கரைகளிலும் வண்டிப்பாதைகளிலும் வழிகாட்டிப் பலகைகளை நட்டு ஒரு சுற்றுவழியை அறிவிப்பதாகும். கடனாநதியிலிருந்து பிரியும் ஆழ்வார்குறிச்சித் தென்கால், காக்கநல்லூர்க்கால், மஞ்சம்புளிக்கால் போன்ற பழைய கால்வாய்களின் கரைகள் நிழலும் சமதளமும் உடையவை. தொடக்கநிலை ஓட்டுநருக்கும் முதியோருக்கும் இதைவிட இனிய வழி இல்லை. எனினும் இது திறன் வளர்க்கும் தடமாகாது. கார், பிசானம் ஆகிய இரு பருவங்களிலும் நடவும் அறுவடையும் நடக்கும் நாள்களில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் செல்லும் கரையில் சைக்கிளுக்கு முன்னுரிமை கோரவும் இயலாது. நீர்வளத்துறையின் இசைவும் பாசன விவசாயிகளின் உடன்பாடும் கிடைக்குமானால் செலவு மிகக் குறைவு என்பதால், இதைத் துணைத்திட்டமாக எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊருக்குள்ளேயே அமையத்தக்கது பம்ப் டிராக் எனப்படும் அலைத்தடம். இது அடுத்தடுத்த மேடுபள்ளங்களும் உட்புறம் சாய்ந்த வளைவுகளும் கொண்ட ஒரு சிறு சுற்று; இதில் ஓட்டுநர் பெடலை மிதிப்பதில்லை, ஊஞ்சலில் நின்று உந்துபவரைப்போல மேட்டில் உடலைத் தளர்த்தியும் பள்ளத்தில் அழுத்தியும் வேகத்தைப் பெறுகிறார். மேடுகளின் உயரத்துக்கு ஏறத்தாழப் பத்துமடங்கு இடைவெளி விடுவது நடைமுறை. ஓரடி உயர மேடுகளுக்குப் பத்தடி இடைவெளி எனக் கொண்டால், 25 சென்ட், அதாவது சுமார் ஆயிரம் சதுர மீட்டர் நிலத்தில் இருபது பிள்ளைகள் முறைவைத்து ஓட்டும் சுற்று ஒன்றை அமைத்துவிடலாம். கேரியரைக் கழற்றிவிட்டால் பள்ளிச் சைக்கிளிலும் இதன் சிறிய மேடுகளைக் கடக்கலாம். பெற்றோர் கண்பார்வையில் இருப்பதும், மின்விளக்குப் போட்டால் வெயில் தணிந்தபின்னும் பயன்படுவதும், விழுந்தவரை உடனே அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடிவதும் இதன் தனிச்சிறப்புகள். பெண்பிள்ளைகள் வருவார்களா என்பது பெரும்பாலும் இடத்தின் அண்மையையும் வெளிச்சத்தையும் பொறுத்தது என்பதால், பொத்தையைவிட இதற்கு முதன்மை தருவதே நியாயமாகும்.

அலைத்தடத்தை மண்ணிலும் அமைக்கலாம், கான்கிரீட் அல்லது தார்க்கலவையிலும் அமைக்கலாம். மண்தடம் மலிவானது, வடிவத்தை மாற்றிப் பார்க்க இடந்தருவது. ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மீண்டும் வனைந்து திமிசு போட வேண்டும். கடினத்தளம் பல ஆண்டுகள் நிற்கும், சறுக்குக்காலணி அணிந்த குழந்தைகளுக்கும் உதவும்; தவறாக வார்க்கப்பட்டால் மட்டும் அதைத் திருத்த வழியில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவானதை நினைவில் கொண்டால், பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் வடிகுழாய் பதிக்காத எந்த வரைபடத்தையும் மன்றம் ஏற்கக்கூடாது.

நிலத்தைத் தேர்வதில் பதிவேடே முதல் வழிகாட்டி. கிராம அ-பதிவேட்டையும் புலவரைபடத்தையும் பெற்று, நீர்நிலைப் புறம்போக்கு என்று குறித்த நிலத்தை, அது எத்தனை ஆண்டு வறண்டு கிடப்பினும், உடனே ஒதுக்கிவிட வேண்டும். கோயில் நிலமாயின் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் இசைவு தேவை. அந்தக் காத்திருப்பில் பல திட்டங்கள் மறக்கப்பட்டுவிடும். கல்வி நிறுவன வளாகம் மூன்றாம் வழி. ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையமும் இருப்பதால், நிலம் கிடைக்காவிடினும் பொத்தைத் தடத்துக்கான உயிரின ஆய்வையேனும் அங்கிருந்து கோரலாம். 2019இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபின், வருவாய், விளையாட்டுத்துறைக் கோப்புகள் தென்காசிக்கும், புலிகள் காப்பகம் சார்ந்த கேள்விகள் அம்பாசமுத்திரத்துக்கும் செல்லும் என்பதையும் ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் பொருத்தமான வாயில். அதில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் திரட்டினால் எஞ்சியதை அரசு தரும் என்பதால், பதிவுசெய்யப்பட்ட ஓட்டுநர் சங்கம் ஒன்று இருப்பது இன்றியமையாததாகிறது. ஆனால் கட்டும் பணத்தைவிடக் காக்கும் பணமே அரிது என்பதைப் பிறநாட்டு அனுபவம் காட்டுகிறது. தாஸ்மேனியாவின் டெர்பி என்னும் பழைய வெள்ளீயச் சுரங்க ஊரில் இரு உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து 2015இல் திறந்த தடங்கள் வெளியூர்ப் பயணிகளால் அவ்வூரைத் தூக்கி நிறுத்தின. பிரிட்டனின் முன்னோடித் தடமையமான வேல்சின் கோயிட்-எ-பிரெனினிலோ, தடங்கள் திறந்திருந்தும், செலவு தாங்காமல் உணவகமும் கடையும் 2025 மார்ச் இறுதியில் மூடப்பட்டன. நம் பேரூராட்சிகளில் திறப்புவிழாக் கல்வெட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட அடுத்த ஆண்டின் புல்வெட்டுக் கூலிக்குக் கிடைப்பதில்லை. ஆகவே மன்றத் தீர்மானத்திலேயே, கருவியும் மண்ணும் பேரூராட்சி தரும், உழைப்பைச் சங்கம் தரும், எந்த அளவு சேதத்துக்குத் தடம் மூடப்படும், மூடும் அதிகாரம் யாருக்கு என்பன எழுத்தில் இருக்கவேண்டும்.

இவற்றை எடைபோட்டால், முதலில் ஊருக்குள் மண்ணாலான அலைத்தடமும், சங்கம் ஈராண்டு அதை ஒழுங்காகக் காத்துக்காட்டினால் அதன்பின் பொத்தைச் சுற்றுத்தடமும் என்னும் வரிசையே ஆழ்வார்குறிச்சிக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. பிசான அறுவடை ஓய்ந்து டிராக்டரும் ஆளும் கிடைக்கும் பங்குனி, சித்திரையில் மண் வனைந்து, ஆனியிலிருந்து பிள்ளைகளை ஓட்டவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தப் பள்ளத்தில் நீர் நின்றது, எந்த வளைவு கரைந்தது என்று சங்கத்தார் குறித்துவைத்த பின்னரே கான்கிரீட்டுக்கான மதிப்பீட்டைத் தயாரிக்கச் செயல் அலுவலரைக் கேட்கலாம்.