ஆங்கிலப் பாடம்: ‘கோன்’, ‘பீன்’



இங்கிலாந்தில் ஜிசிஎஸ்ஈ ஆங்கிலத்தில் தரம் 4 எடுக்காத பிள்ளை, 16 வயதின் பின்னும் பொதுவாக அப்பாடத்தைத் தொடர வேண்டும். இம்முறை சிறு வேறுபாடு ஒன்றைப் பார்ப்போம்.

“ஹீ ஹாஸ் கோன் டு கொலம்போ”: போனவர் இன்னும் திரும்பவில்லை.
“ஹீ ஹாஸ் பீன் டு கொலம்போ”: போய்த் திரும்பிவிட்டார்.

வந்த புதிதில் எமது அகதி விண்ணப்பத்தில், கொழும்புக்குப் போன தம்பியைப் பற்றி ‘பீன்’ என்று எழுதிவிட்டோம். அவர் வீடு திரும்பியதாகவே அதிகாரி விளங்கிக்கொண்டார். தம்பியோ போனவர்தான், பிறகு தகவலே இல்லை. அந்த ஒரு சொல்லைத் திருத்த மாதக்கணக்காயிற்று.

பயிற்சி: பிள்ளை பந்தியை வாசித்ததும், “ஆள் இப்போது எங்கே?” என்று கேளுங்கள். விடைக்கு ஆதாரமான சொல்லின் கீழ் கோடிடச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் கணக்கு எழுதலாமா?