நெல் வயலில் சிலந்தி வலை: மருந்து அடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும் விடியற்காலையில் திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் பக்கத்துச் சம்பா வயல் வரப்புகளில் நின்று பார்த்தால், பயிருக்கு இடையே எண்ணற்ற சிலந்தி வலைகள் பனித்துளிகளைத் தாங்கி நிற்பதைக் காணலாம். வெயில் ஏறிப் பனி உலர்ந்ததும் இவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

வலையைக் கண்டதும் "பயிரில் ஏதோ பூச்சி விழுந்துவிட்டது" என்று எண்ணித் தெளிப்பானைத் தோளில் ஏற்றும் விவசாயிகள் உண்டு. இது செலவுக்கு வழி. சில சமயம் மகசூல் இழப்புக்கும் வழி. சிலந்தி நெற்பயிரைத் தின்பதில்லை. பயிரைத் தின்னும் பூச்சிகளையே அது தின்கிறது. எனவே வலையைப் பற்றியும் அதைப் பின்னும் சிலந்தியைப் பற்றியும் விவசாயிகள் அறிந்திருப்பது நலம் பயக்கும்.

நூல் உண்டாகும் விதம்

எட்டுக்கால் பூச்சி என்று அழைத்தாலும் சிலந்தி பூச்சி இனம் அன்று. பூச்சிக்கு ஆறு கால்கள்; சிலந்திக்கு எட்டு. இறக்கை கிடையாது. தேள், உண்ணி ஆகியவற்றுக்கே இது நெருங்கிய உறவு.

காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்கு நூல் தருவது பட்டுப்புழு. அதற்கு நூல் வாயிலிருந்து வருகிறது. சிலந்திக்கோ வயிற்றின் பின்முனையில் உள்ள சிறு காம்புகளின் வழியாக வருகிறது. வயிற்றுக்குள் இருக்கும் சுரப்பிகளில் இது கெட்டியான திரவமாக இருக்கும் புரதப் பொருள். குறுகிய குழாய் வழியே வெளியே இழுக்கப்படும்போது இறுகி நூலாகிவிடுகிறது. காலால் இழுத்தோ, ஓரிடத்தில் ஒட்டிவிட்டு நகர்ந்தோ சிலந்தி நூலை நீட்டுகிறது.

ஒரே சிலந்தி பல வகை நூல்களைச் சுரக்கும். வட்ட வலை பின்னும் சிலந்திகளுக்கு ஏழு வகைச் சுரப்பிகள் வரை உண்டு. வலைக்குச் சட்டமாக அமையும் நூல், பூச்சியை ஒட்டிப் பிடிக்கும் பசை நூல், இரையைச் சுற்றிக் கட்டும் நூல், முட்டைப் பை நெய்யும் நூல் என ஒவ்வொன்றும் தனித்தனி. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியதான சட்ட நூல், எடைக்கு எடை எஃகைவிட வலுவானது. பசை நூல் இழுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். ஆதலால் வேகமாகப் பறந்து வரும் அந்துப்பூச்சி மோதினாலும் வலை எளிதில் அறுவதில்லை.

வலை பின்னும் முறை

முதலில் சிலந்தி ஓர் இலை நுனியில் ஏறி நூலைக் காற்றில் விடும். எதிரே உள்ள இலையில் அது ஒட்டியதும் பாலம் அமைந்துவிடும். அதிலிருந்து சட்டம் கட்டி, நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல் நூல்களை இழுக்கும். அடுத்து, சாரம் கட்டுவது போலப் பசையற்ற நூலை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றும். கடைசியாக வெளியிலிருந்து உள்நோக்கிப் பசை நூலைச் சுற்றி வரும். அப்போதே பழைய சாரத்தை அகற்றிவிடும். சுமார் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

பசை நூலில் நுண்ணிய பசைத் துளிகள் வரிசையாக இருக்கும். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பைக் காக்கின்றன. சிலந்தி பெரும்பாலும் பசையற்ற ஆர நூல்களின் மேல் நடப்பதாலும், கால் நகங்களின் அமைப்பாலும் தன் வலையில் தானே சிக்குவதில்லை. இதற்குக் கண்பார்வை மிகக் குறைவு. நூலின் அதிர்வைக் காலால் உணர்ந்தே இரை எங்கே விழுந்தது என்று அறிகிறது.

தூசி படிந்தால் வலை பயன்படாது. எனவே பல சிலந்திகள் பழைய வலையைத் தின்றுவிட்டுப் புது வலை பின்னும். தின்ற நூலின் புரதம் மறுபடியும் நூலாகிறது. வைக்கோலை மாட்டுக்குப் போட்டு, சாணத்தை வயலுக்குத் திருப்பும் விவசாயியின் சிக்கனம் இதில் இருக்கிறது.

வயலில் காணும் சிலந்திகள்

நீள்தாடைச் சிலந்தி: மெலிந்த நீண்ட உடல். பகலில் கால்களை முன்னும் பின்னும் நீட்டி நெல் இலையோடு இலையாகப் படுத்திருக்கும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று பூச்சிகளைப் பிடிக்கும்.

வட்ட வலைச் சிலந்தி: பயிரின் மேல்மட்டத்தில் பெரிய வலை பின்னும். சில வகைகளின் வலை நடுவில் பெருக்கல் குறி போன்ற வெள்ளை நூல் வேலைப்பாடு தெரியும். அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி போன்ற பெரிய பூச்சிகளும் இதில் சிக்கும்.

ஓநாய்ச் சிலந்தி: இரை பிடிக்க வலை பின்னாது. தூரின் அடியிலும் தண்ணீர் மேலும் ஓடிப் பிடிக்கும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். புகையான் இருப்பதும் தூரின் அடியில்தான் என்பதால் நெல்லுக்கு இதுவே முதல் காவலாளி. முட்டைகளை நூலால் நெய்த பையில் வைத்து, வயிற்றின் பின்முனையில் ஒட்டிக்கொண்டே திரியும். பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும்.

குள்ளச் சிலந்தி: எள் போன்ற சிறிய உருவம். தூரின் அடியில் சிறு வலை பின்னித் தத்துப்பூச்சிக் குஞ்சுகளைப் பிடிக்கும்.

காற்றில் வரும் விருந்தாளி

நடவு முடிந்த வயலுக்குச் சிலந்தி எப்படி வந்து சேர்கிறது? ஒரு பகுதி வரப்பிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி பறந்து வருகிறது. இறக்கையில்லாத சிலந்திக் குஞ்சு புல் நுனியில் ஏறி, வயிற்றைத் தூக்கி, நூல் இழைகளைக் காற்றில் விடும். மெல்லிய காற்று இழையைத் தூக்க, குஞ்சும் அதோடு போய்விடும். 1832ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் பயணம் செய்த கப்பல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 60 மைல் தொலைவில் இருந்தபோது, இவ்வாறு வந்த சிறு சிலந்திகள் கப்பல் கயிறுகளில் நிறையக் காணப்பட்டன. கடல் தாண்டும் சிலந்திக்குப் பக்கத்து வயல் தொலைவன்று. ஆனால் வந்து இறங்கும் இடம் நஞ்சாக இருக்கக் கூடாது.

மருந்தால் பெருகும் புகையான்

புகையான் தன் முட்டைகளை நெற்பயிரின் இலை உறைக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. ஆனால் வெளியே ஓடித் திரியும் சிலந்தி மருந்தில் நனைந்து சாகிறது. ஒரு வாரம் பத்து நாளில் முட்டைகள் பொரிக்கும்போது வயலில் காவல் இல்லை. குஞ்சுகள் தடையின்றிப் பெருகும். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளால் இத்தகைய மறு பெருக்கம் ஏற்படுவது அறியப்பட்ட உண்மை. பயிர் திட்டுத் திட்டாக எரிந்தாற்போல் காய்ந்த பிறகு எந்த மருந்தும் அந்தப் பயிரை மீட்காது.

இந்தோனேசிய நாட்டில் நெல்லுக்கு மருந்து மிகுதியாகத் தெளித்தும் புகையான் அடங்கவில்லை. சிலந்தி முதலிய இயற்கை எதிரிகள் அழிந்ததே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். அதன்பேரில் 1986ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

குத்துக்கு ஒரு சிலந்தி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை சிலந்தியையும் கணக்கில் சேர்க்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு 1 புகையான் என்ற அளவை எட்டினால் கட்டுப்பாடு தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம்.

உதாரணமாக, 20 தூர்கள் உள்ள ஒரு குத்தை எடுத்துக்கொள்வோம். சிலந்தி இல்லையென்றால் 20 புகையானே எச்சரிக்கை அளவு. ஒரு சிலந்தி இருந்தால் 40. அந்த ஒரு சிலந்தியால் ஒரு தெளிப்பின் மருந்துச் செலவும் ஆள் கூலியும் மிச்சப்படக்கூடும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. வாரம் ஒரு முறை வயலில் மூலைக்கு மூலை நடந்து, ஆங்காங்கே 20 குத்துகளைப் பார்க்க வேண்டும். குத்தை விரித்து அடிப்பாகத்தைத் தட்டினால் புகையானும் சிலந்தியும் தண்ணீரில் விழும். இரண்டையும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். வலைச் சிலந்திகளைக் காலையில் பனி உலரும் முன் பார்ப்பது எளிது.

2. நடவின்போது எட்டு அடிக்கு ஓர் அடி வீதம் பட்டம் விட வேண்டும். காற்றும் வெளிச்சமும் தூரின் அடி வரை செல்லும்.

3. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். புகையான் தென்பட்டால் தண்ணீரை வடித்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்ட வேண்டும்.

4. வரப்பை முழுவதும் செதுக்கி மொட்டையாக்கக் கூடாது. வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு விதைத்தால் சிலந்திக்கு நிழலும் இரையும் கிடைக்கும். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே வரப்போரம் சில வைக்கோல் கட்டுகளைப் போட்டு வைத்தால் அவை தங்க இடமாகும்.

5. கட்டுப்பாடு தேவைப்பட்டால் முதலில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பும் 200 லிட்டர் தண்ணீரும் போதும். தூரின் அடிப்பாகம் நனையும்படி தெளிக்க வேண்டும்.

6. அதற்கும் அடங்காவிட்டால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆலோசனை கேட்டு, பரிந்துரைத்த மருந்தை, பரிந்துரைத்த அளவில் மட்டும் அடிக்க வேண்டும். பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்குத் தவிர்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

கத்தரி, வெண்டை இலைகளின் அடியில் மெல்லிய நூலாம்படையும், மிளகாய்ப் பொடி தூவியது போன்ற சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தால் அது வேறு. செஞ்சிலந்தி என்று பெயர் வழங்கினாலும் அது சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன், பயிருக்குப் பகை. அதைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். பெயர் ஒற்றுமையால் நெல் வயல் சிலந்தியைப் பகையாக்கிவிடக் கூடாது.

மேலும், சிலந்தி ஒன்றே எல்லாப் பூச்சிக்கும் மருந்தாகிவிடாது. தண்டுக்குள் புகுந்துவிட்ட குருத்துப் புழுவை அதனால் எட்ட முடியாது. வெளியே பறக்கும் அந்துப்பூச்சியைத்தான் பிடிக்கும். வெளியிலிருந்து புகையான் கூட்டமாக வந்து இறங்கினால் சிலந்தி மட்டும் ஈடுகொடுக்காது. ஆதலால் எண்ணிப் பார்க்கும் வேலையை விடக்கூடாது.

இதே மாவட்டத்தில் வேடந்தாங்கல் ஊரார், பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு எருவாகிறது என்று கண்டு, தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். கூலி கேளாமல் காவல் காக்கும் சிலந்தியும் அத்தகைய துணையே. நவரை நடவில் இறங்கும் விவசாயிகள், இந்தப் பட்டத்தில் தெளிப்பானைக் கையில் எடுக்கும் முன் ஒரு காலையில் வயலில் இறங்கி, குத்துக்கு எத்தனை சிலந்தி என்று எண்ணிப் பார்ப்பார்களாக.