ஓசூருக்குச் சூழல் பணி செய்ய வருகிறீர்களா?

முதல் வாரமே மரக்கன்றைத் தூக்க வேண்டாம். கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பாருங்கள். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டுதான் இங்கே வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் வெள்ளை நுரை மலைபோலப் பொங்கும். அதைத் தொடாதீர்கள், ரசாயனக் கழிவு கலந்தது. தேதி, நேரம், நீரின் நிறம், நாற்றம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து, படமும் எடுத்து வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதும் நாளில் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

இங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும். தண்ணீருக்குத் தெலுங்கில் 'நீள்ளு', கன்னடத்தில் 'நீரு'. ஏரிக்கரைப் பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்க அது போதும்.

டிசம்பர் குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம்.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை என்றால், ராகி முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் வரும். பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். யானை நிற்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் பரப்பாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இரவெல்லாம் விழித்துக் காவல் காக்கும் விவசாயியிடம் யானைப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். அவர் வயலில் என்ன போனது என்று முதலில் கேளுங்கள்.