பத்து மணி வகுப்பும் கடலில் இருக்கும் போனும்

“பத்து மணிக்கு சூமில் ஏறாத பிள்ளைக்கு அன்றைய பாடம் போனது போனதுதான்.”

இணைய வகுப்பைப் பற்றி மன்னார்த் தீவின் கரையூர்களில் பரவிக் கிடக்கும் நம்பிக்கைகளில் பிள்ளைகளுக்கு அதிகம் கெடுதல் செய்தது இதுதான். ஓலைத்தொடுவாயை எடுத்துக்கொள்ளுங்கள். பனையும் மணலும் வாடிகளுமாக உள்ள ஊர். பல வீடுகளில் இருப்பது ஒரேயொரு ஸ்மார்ட்போன். அது தகப்பனுடையது. விடியுமுன் வள்ளம் இறங்கும்போது அதுவும் பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டுச் சட்டைப் பையில் கடலுக்குப் போய்விடும். காற்று எப்படி, கரையில் நண்டு என்ன விலை, பக்கத்து வள்ளம் எங்கே என்று கேட்க அது வேண்டும். உயிர்க் காவலுக்கும் அதுதான். அதை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று எந்தப் பாடசாலையும் சொல்ல முடியாது. வலை தெரிந்து, நண்டு கழற்றி, அவர் வீடு வந்து சேரும்போது பத்து மணி வகுப்பு எப்போதோ முடிந்திருக்கும். “போன் அப்பாட்ட ரீச்சர், இன்னும் கரைக்கு வரேல்ல” என்று பிள்ளை சொல்வது சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளை சொன்னதோ உண்மை.

நேரலை, வகுப்பின் ஒரு வடிவம் மட்டுமே. கூகுள் கிளாஸ்ரூம், மூடில் போன்ற வகுப்பறைத் தளங்கள் நேரலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பாடத்தை ஓரிடத்தில் வைத்துவிட, பிள்ளை தனக்கு வசதியான நேரத்தில் வந்து எடுக்க, செய்த வேலையைத் திருப்பி அனுப்ப, ஆசிரியர் திருத்திக் கொடுக்கச் செய்யப்பட்டவை. மூடிலின் முதற்பதிப்பை 2002இல் வெளியிட்ட மார்ட்டின் டோகியாமஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடமே இல்லாத அந்த இடத்தில் சிற்றலை வானொலி வழியாகப் படித்தார். அவுஸ்திரேலியாவின் ‘வானலைப் பள்ளி’ 1951இல் அலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கியது. தூரத்தில் இருக்கும் பிள்ளையின் நிலை தெரிந்தவர் கட்டிய தளம் என்பதால், மூடில் செயலியில் சிக்னல் கிடைக்கும்போது பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்தில் படித்து, மறுபடி இணையம் வரும்போது செய்ததை அனுப்பும் வசதி இருக்கிறது. எங்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் மூடிலில் கட்டப்பட்டதுதான். கூகுள் கிளாஸ்ரூமில் ஆசிரியர் போடும் கோப்புகளையும் டிரைவ் செயலியில் ‘ஒஃப்லைன்’ என்று குறித்து வைத்தால் டேட்டா இல்லாத நேரத்தில் திறக்கலாம்.

தவணை தப்பினால் கதவு சாத்தப்பட்டுவிடும் என்று பயந்து வேலையை அனுப்பாமலே விட்ட பிள்ளைகளும் உண்டு. கிளாஸ்ரூமில் ஆசிரியர் வேண்டுமென்றே மூடினாலொழிய, நாள் கடந்தும் அனுப்பலாம். ‘பிந்தியது’ என்ற ஒரு குறிப்பு விழும், அவ்வளவுதான். அந்தக் குறிப்பைப் பார்த்துப் பிள்ளையைச் சோம்பேறி என்று தீர்மானிக்கும் ஆசிரியர், அந்த வீட்டு வள்ளம் எத்தனை மணிக்குக் கரை தட்டுகிறது என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

நேரலைக்குச் செலவும் இருக்கிறது. சூமில் கமரா போட்டு இருவர் மட்டும் பேசினாலே, வருவது விநாடிக்கு ஏறத்தாழ 600 கிலோபிட், போவதும் அவ்வளவு. கணக்குப் போட்டால் மணிக்கு 540 மெகாபைட். நாளுக்கு நாலு பாடம் என்றால் ஒரு பிள்ளைக்கே இரண்டு ஜீபிக்கு மேல். கமராக்களை நிறுத்திக் குரல் மட்டும் கேட்டால் விநாடிக்கு 80 கிலோபிட், அதாவது மணிக்கு 36 மெகாபைட் அளவில் முடியும். கரும்பலகையின் தெளிவான படம் ஒன்றும் ஐந்து நிமிடக் குரல்பதிவும் என்றால் ஓரிரு மெகாபைட் போதும். முகம் தெரியாவிட்டால் பிள்ளை கவனிக்காது என்று சொல்லி எல்லோரையும் கமரா போடச் சொன்ன வகுப்புகளில், பிள்ளைகளின் வீட்டு றீலோட் மாதம் முடியுமுன்னே தீர்ந்துபோனது. கூரையும் கிடுகுச் சுவரும் தெரியக்கூடாதென்று கூசி, வகுப்பை விட்டே விலகிய பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து, “ஆளுக்கொரு டெப் கொடுத்தால் சரி” என்ற எண்ணம். 2020 அளவில் இலங்கையில் மேசைக் கணினியோ மடிக்கணினியோ இருந்த வீடுகள் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். ஆகவே கருவி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கருவி வந்த மறுநாளே வேறு கேள்விகள் வரும். கவரேஜ் இருக்கிறதா? பொஹிட்டியாவ என்ற மலைக் கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிச் சிக்னல் தேடிய படங்கள் 2021இல் உலகமெங்கும் போயின. கரண்ட் இருக்கிறதா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் நிற்கும் மன்னார்த் தீவிலும் பிள்ளைகள் இருட்டில்தான் இருந்தார்கள். கணக்கு யாருடைய பெயரில்? 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை கூகுளில் தானாகக் கணக்குத் திறக்க முடியாது. பெற்றார் மேற்பார்வையில் திறக்க வேண்டும், அல்லது பாடசாலை தனது பெயரில் கணக்குக் கொடுக்க வேண்டும். பாடசாலை கொடுக்காதபோது நடந்தது என்னவென்றால், தாயின் கணக்கில் அண்ணனும் தங்கையும் மாறி மாறி ஏறினார்கள். எட்டாம் தரத்து விஞ்ஞான விடை ஐந்தாம் தரத்துக்குப் போய் விழுந்தது. ஆசிரியரின் பட்டியலிலோ பிள்ளையின் பெயருக்குப் பதில் போன் விற்ற கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஏதோ ஒரு பெயர்.

உப்புக் காற்றில் சார்ஜ் துவாரம் கறுத்துப்போவதையும் சொல்ல வேண்டும். கரையூர்களில் ஒரு போனின் ஆயுள் கொழும்பில் உள்ளதை விடக் குறைவு. கருவி கொடுப்பவர்கள் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்கெடுக்கட்டும்.

“வட்ஸ்அப் குழு இருக்கிறதே, பிறகு எதற்குத் தளம்?” இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், அவர்களுடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. 2020இல் ஒரே இரவில் நாடு மூடியபோது கைக்கு எட்டியது வட்ஸ்அப்தான், அது இல்லாவிட்டால் எதுவுமே நடந்திராது. அவசரத்துக்கு அது உதவியது. ஆனால் மூன்று மாதம் கழித்து அதற்குள் ஒரு பாடத்தைத் தேடிப் பாருங்கள். “காலை வணக்கம்” படங்களுக்கும் “நன்றி ரீச்சர்” வரிகளுக்கும் நடுவே எங்கோ கிடக்கும். போன் மாறியிருந்தால், அந்தப் படத்தை முன்பே இறக்கி வைக்காவிட்டால், பல வேளை திறக்கவே திறக்காது. அதைவிடப் பெரிய விஷயம் இரண்டு. குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். வளர்ந்த பெண்பிள்ளையின் இலக்கம், அல்லது அவளுடைய தாயின் இலக்கம், முன்பின் தெரியாத நாற்பது வீடுகளுக்குப் போகிறது. மற்றது, பிழையாகச் செய்த கணக்கை ஒரு பிள்ளை குழுவில் போட்டால் வகுப்பே பார்க்கிறது. வகுப்பறைத் தளத்தில் பிள்ளை அனுப்பும் வேலை ஆசிரியருக்கு மட்டும் தெரியும், திருத்தமும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் போகும். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வகுப்பில் படிப்பித்தவர்கள் அறிவார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைக்கு போன் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்று தாய்மார் பெருமையோடு சொல்வார்கள். ரிக்ரொக் பார்க்கத் தெரிந்த விரல் அது, சரி. வீட்டுவேலையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். கொப்பி மடியில் சரிந்து கிடக்கும். குனிந்து எடுக்கும் தலையின் நிழல் பக்கத்தின் பாதியை மூடும். பென்சில் எழுத்து மங்கி நிற்கும். நாலு பக்கம் நாலு படமாக, வரிசை மாறி வரும். இருபத்தைந்து கொப்பியை இப்படிப் பார்க்கும் ஆசிரியரின் கண் என்னாகும்? இதற்குக் கால் மணி நேரப் பயிற்சி போதும். கொப்பியைத் தரையில் விரித்து, வாசற்படி வெளிச்சத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று, போனை நேர் மேலே பிடி. டிரைவ் செயலியில் ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது, அதில் நாலு பக்கத்தையும் ஒரே பிடிஎஃபாக்கு. அதற்குப் பெயரையும் தரத்தையும் போடு. இதைப் பாடசாலை திறந்திருக்கும் நாளிலேயே, பிள்ளைகள் நேரே முன்னால் இருக்கும்போதே காட்டிக்கொடுக்க வேண்டும். மூடிய பிறகு போனில் விளங்கப்படுத்துவது மகா கஷ்டம்.

தமிழில் ஒன்றுமில்லை என்ற பேச்சு பெரும்பகுதி பிழை. ஈ-தக்சலாவ மும்மொழியிலும் இயங்குகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் முழுதாக இருக்கின்றன. 2020இல் ‘குருகெதர’ பாடங்கள் தமிழில் நேத்ரா தொலைக்காட்சியில் போயின. 2005இலிருந்து இயங்கும் நூலகம் மின்னூலகத்தில் எங்கள் பழைய பாடநூல்களும் சஞ்சிகைகளும்கூடக் கிடைக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. இவற்றில் எது தன் வகுப்புக்கு, எந்தக் கிழமைக்கு என்று பொறுக்கி எடுத்து, பிள்ளையின் கையில் கொடுக்கும் ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

“அது கொரோனாக் காலத்து விஷயம், முடிந்துவிட்டது” என்பவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மறுபடி மூடின. அந்த யூலைக் கடைசியில் திறந்தபோதும் கிழமைக்கு மூன்று நாள்தான் பாடசாலை, மற்ற இரண்டு நாளும் வீட்டிலிருந்து படிப்பு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது, மன்னார் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. அதற்கு முந்திய தலைமுறையைக் கேளுங்கள். 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் குடும்பங்கள் தீவை விட்டு வெளியேற்றப்பட்டு, பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் கொப்பி பென்சில் இல்லாமல் இருந்தார்கள். போர்க் காலத்தில் மடுவில் அடைக்கலம் புகுந்த பிள்ளைகளுக்கும் அதே கதி. படிப்பு அறுபடுவது இந்தத் தீவுக்குத் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று. அறுந்த இடத்தைப் பிடித்து வைக்க அன்று எந்த வழியும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதைத் தூசி படிய விடுவது பெரும் பிழை.

பாடசாலை ஒழுங்காக நடக்கும் நாளிலும் தளத்துக்கு வேலை உண்டு. கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆசிரியர் இல்லாத கரையூர்ப் பாடசாலையில், பட்டினத்து ஆசிரியர் ஒருவர் போட்டு வைக்கும் பாடத்தை ஒரு கணினியும் புரஜெக்டரும் வைத்து எல்லோருக்கும் காட்டலாம்.

இனி, இவற்றுக்கெல்லாம் நேர்மாறான நம்பிக்கை ஒன்றும் உண்டு: நல்ல தளம் இருந்தால் ஆசிரியர் தேவையில்லை. முதலில், தளம் எல்லோரையும் எட்டுவதில்லை. 2020 ஓகஸ்டில் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி, பாடசாலைகள் மூடியபோது உலகில் குறைந்தது 46 கோடி 30 இலட்சம் பிள்ளைகளை எந்தத் தொலைக்கல்வியும் எட்டவில்லை. நாலில் மூவர் கிராமத்துப் பிள்ளைகள் அல்லது மிக வறிய வீட்டுப் பிள்ளைகள். அதே ஆண்டு ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சில வீடுகளுக்குக் கிழமைதோறும் குறுஞ்செய்தியில் எளிய கணக்குகள் மட்டும் போயின. வேறு சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு ஆசிரியரின் இருபது நிமிட அழைப்பும் போனது. செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. அழைப்பும் பெற்றவர்கள் கணிதத்தில் முன்னேறினார்கள். இணையமே தேவைப்படாத சாதாரண போனில் நடந்த காரியம் இது.

ஓலைத்தொடுவாய்க்கு இது அப்படியே பொருந்தும். பாடம் தளத்தில் இருக்கட்டும், தகப்பன் கரைக்கு வந்த பிறகு பிள்ளை அதை இறக்கிக்கொள்ளட்டும், பின்னேரம் ஆசிரியர் அழைத்து “மூன்றாம் கணக்கு எப்படிச் செய்தாய் பிள்ளை, சொல்லு பாப்பம்” என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியில்தான் வகுப்பு நடக்கிறது. கொரோனாக் காலத்தில் இப்படி அழைத்த ஆசிரியர்கள் இருந்தார்கள், டேட்டாவும் றீலோட்டும் தங்கள் சம்பளத்திலிருந்தே போட்டார்கள். 2021 யூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணைய வகுப்பைப் புறக்கணித்தபோது, சம்பள முரண்பாட்டோடு இந்தச் செலவும் பேச்சில் வந்தது. அந்த ஒக்ரோபரில் ஆசிரியர்கள் பாடசாலைக்குத் திரும்பினார்கள். அழைப்புக் காசு யார் கொடுப்பது என்பது மட்டும் தீரவில்லை. அடுத்த வெள்ளத்துக்கு முன் ஒவ்வொரு பாடசாலையும் மூன்று காரியம் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும்: ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடசாலையின் பெயரில் ஒரு கணக்கு, எந்த வீட்டில் எத்தனை மணிக்கு போன் இருக்கும் என்ற பட்டியல் எடுக்க ஆசிரியருக்கு ஒரு நாள், அழைப்புச் செலவுக்கு மாதக் கொடுப்பனவு.